ஜெனிட்டா டீச்சரின் கிரகத்தில் மேடுகள் ஜாஸ்தி

ஜெனிட்டா டீச்சரிடம் வழி கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். "லெஃப்ட்ல திரும்பி நேராப் போங்க" என்று கைகாட்டிவிட்டுப் போகிறவர் அல்ல அவர். நீங்கள் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறீர்கள் என்று முதலில் கேட்பார். தெரியாது என்றால் சூரியனைக் காட்டி அதைக் கற்பித்த பிறகுதான் வழிக்கு வருவார். அதற்குள் உங்கள் பஸ் போயிருக்கும்.

அவருடைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் மண்டபத்துக்கு வழி காட்டும் படத்தை அவரேதான் வரைந்தார். அளவுகோல், வடக்கைக் காட்டும் அம்பு, குறியீட்டு விளக்கம் எல்லாம் இருந்தன. அத்தனையையும் நுழைத்ததில் மண்டபத்தின் பெயருக்கு இடமில்லாமல் போய், அது வெறும் கறுப்புச் சதுரமாக நின்றது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேன் நிறைய வந்து ரைஸ் மில் ஒன்றில் இறங்கி, பந்தி முடிந்த பிறகு மண்டபத்துக்கு வந்தார்கள். "படம் சரிதான், படிக்கத் தெரியல" என்று டீச்சர் இன்றைக்கும் சொல்கிறார். அவர் கணவர் டேனி இன்றைக்கும் பதில் சொல்வதில்லை.

நான் இலக்கியா. சிதம்பரத்தில் ஒரு தனியார் மேல்நிலைப்பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். பெயரைப் பார்த்து வேலை கொடுத்தார்களா என்று எல்லோரும் கேட்டுவிட்டார்கள், நீங்கள் கேட்க வேண்டாம். ஜெனிட்டா டீச்சர் அதே பள்ளியில் புவியியல் எடுக்கிறார். நான் கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி ஜன்னலோரம் கைக்குட்டை போட்டு வைப்பேன். அவர் முதுநகரில் ஏறுவார். அங்கிருந்து சிதம்பரம் வரை நான் காதைக் கொடுத்தாக வேண்டும்.

போன வருடத்துக்கு முந்தைய ஜூன் மாதம், பள்ளி திறந்த வாரம், டீச்சருடைய தம்பி டோனியிடமிருந்து போன் வந்தது. டோனி சென்னையில் செல்போன் கேம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் இருக்கிறான். பஸ்ஸில் பக்கத்தில் இருந்ததால் பேசியது முழுவதும் எனக்கும் கேட்டது.

"அக்கா, ஒரு கிரகம் வேணும்க்கா."

"எவ்ளோ பெருசு?" என்றார் டீச்சர். எதற்கு, எப்போது என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

டோனி விளக்கினான். விண்கலம் உடைந்து ஒருவன் ஏதோ ஒரு கிரகத்தில் விழுகிறான், அங்கே பிழைத்துக் கிடக்க வேண்டும், அதுதான் கேம். இவர்களாகவே போட்ட கிரகத்தில் ஒரு ஆறு கடலில் தொடங்கி மலையில் முடிகிறது. "எங்க மொதலாளி ஜெயப்பிரகாஷ் சாரே பாத்துட்டு சிரிக்கிறாரு. நீ ஒண்ணு போட்டுக் குடேன்."

டீச்சர் அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட்டார். காகிதத்தில் வரைய மாட்டேன் என்றார். "தட்டையா வரைஞ்சா துருவத்துல பொய் சொல்ல வேண்டி வரும்." அதனால் விளையாட்டு அறையிலிருந்து ஒரு பழைய வாலிபால் வந்தது. அதன்மேல் வெள்ளைக் காகிதத்தைத் துண்டு துண்டாக ஒட்டி, பென்சிலால் கண்டங்களைப் போட்டார். ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்றில் வைத்து மடியில் தாங்கியபடி தினமும் கூட்டி வருவார். ஆலப்பாக்கத்தில் ஒருநாள் டிரைவர் போட்ட பிரேக்கில் அது பையை விட்டுத் துள்ளி முன்படி வரை உருண்டு போனது. கண்டக்டர் எடுத்து வந்தார்.

"டீச்சர், உங்க பந்து."

"பந்து இல்லீங்க, கிரகம்."

கண்டக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப லக்கேஜ் போடணுமே" என்றார்.

பெயர் வைக்கும் வேலை என்னிடம் வந்தது. நானும் சங்கத் தமிழைக் கிளறி மூன்று நாள் உட்கார்ந்து ஆறுகளுக்கும் மலைகளுக்கும் பெயர் எழுதிப் போனேன். டீச்சர் ஒவ்வொன்றாகத் தள்ளினார். "பஸ் போர்டுல அடங்கற மாதிரி வை. கூட்டத்துல கூவிக் கூப்புட முடியணும்." கடைசியில் மழை மேகத்தைத் தடுத்து நிறுத்துகிற பெரிய மலைக்கு அவரே 'தொப்பை' என்று வைத்தார். காற்றுக்கு எதிரே முன்தள்ளி நிற்கிறதாம். நான் இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். பலனில்லை, மலை இன்றைக்கும் தொப்பைதான். நான் கொடுத்ததில் தப்பியது கிரகத்தின் பெயர் ஒன்றுதான். தணி. சூடு தணி, கோபம் தணி என்கிற தணி. டீச்சருக்கு அது உடனே பிடித்துப்போனது. சாயங்காலம் டேனியிடம் சொன்னபோது, "சனியா? அது ஏற்கெனவே இருக்குதே" என்றார்.

டேனிக்கு முதுநகரில் மருந்துக்கடை. ஊசி போட்டாற்போல் பேசுவார், பேசிவிட்டுச் சிரிக்க மாட்டார். டீச்சர் தன் கிரகத்தின் சுழற்சியை வேண்டுமென்றே மெதுவாக வைத்திருந்தார். நம் கணக்கில் பத்து நாள் போனால்தான் அங்கே ஒரு நாள். அதைக் கேட்ட டேனி கவலைப்பட்டார்.

"காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு மாத்திரை எழுதிக் குடுத்தா அங்க என்னா பண்ணுவான்?"

"அங்க யாருக்கும் உடம்பு சரியில்லாமப் போவாது" என்றார் டீச்சர்.

அந்தப் பதிலை அன்று நான் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். கிரகம் வளர வளரத்தான் எனக்குப் புரிந்தது. மெதுவாகச் சுற்றும் கிரகத்தில் காற்று சுழியாது, சுழியாவிட்டால் புயல் இல்லை. தரைக்கடியில் நிலத்தட்டுகள் நகராது, அதனால் நிலநடுக்கம் இல்லை, கடல் பொங்காது. எல்லா ஆற்றுக்கும் அகலமான படுகை, வெள்ளம் ஊருக்குள் வராது. தொப்பையைத் தவிர உறுத்தலாக எதுவுமே அங்கே கிடையாது.

கடலூரில் இருக்கிறவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. எங்கள் ஊர் டிவியில் வந்தால் நிருபர் ரெயின்கோட்டோடு நிற்பார். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றாமல் எங்களுக்கு ஒரு கார்த்திகையும் கழிந்ததில்லை. தானே புயலில் எங்கள் வீட்டு முருங்கை பக்கத்துத் தெருவில் போய் நின்றது, அவர்கள் காய் பறித்துக் குழம்பும் வைத்தார்கள். இப்படிப்பட்ட ஊரிலிருந்து வருகிற ஒருத்தியிடம் கிரகம் கொடுத்தால் வேறு எப்படிச் செய்வாள்?

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த கையோடு வீடியோ காலில் கிரகத்தைக் காட்டினார். நானும் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். திரையில் டோனியும் அவன் முதலாளி ஜெயப்பிரகாஷும். ஜெயப்பிரகாஷுக்கு முப்பது வயதிருக்கும், மரியாதையான பையன். டீச்சர் வாலிபாலைக் கேமரா முன் சுற்றிச் சுற்றி ஒரு மணி நேரம் விளக்கினார். அவரும் பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இங்க வந்து விழுறவன் என்ன பண்ணுவான்?"

"நிம்மதியா இருப்பான்."

"மேடம், நிம்மதிய யாரும் டவுன்லோடு பண்ண மாட்டாங்க" என்றார் ஜெயப்பிரகாஷ். "ஒரு புயல், ஒரு பூகம்பம், ஒரு சுனாமி, இப்படி எதனா குடுங்க."

ஹோட்டலில் வடை பொங்கல் சொல்வது போல அவர் சொன்னார். டீச்சர் வாலிபாலைப் பையில் போட்டார். "வேற கிரகத்தப் பாத்துக்கச் சொல்லு டோனி" என்று லைனைத் துண்டித்தார். டேனி ஏதோ சொல்ல வாயெடுத்து, மனைவியின் முகத்தைப் பார்த்து, காபியைக் குடித்துக்கொண்டார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் டீச்சருக்கு டீச்சரே எதிரியாகிவிட்டார். அந்த வாரம் ஒன்பதாம் வகுப்புக்கு நிலத்தட்டுகள் பாடம். வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வந்து உட்கார்ந்தவர், பையை மடியில் அணைத்துக்கொண்டு, "இலக்கியா, தணி செத்துப்போச்சு" என்றார்.

யாராவது சொந்தக்காரரோ என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன்.

"தட்டு நகரலன்னா மலை மறுபடி ஒசராது. இருக்கிற மலைய மழையும் காத்தும் அரிச்சிடும். தொப்பை கரைஞ்சிடும். தொப்பை இல்லன்னா மேகம் நிக்காது. பகலு அவ்ளோ நீளமா இருந்தா வெந்துடும், ராத்திரி ஒறைஞ்சிடும். புயலே இல்லன்னா உள்நாட்டுக்குத் தண்ணி ஏது? தாழ்வு மண்டலம் வராத வருசம் வீராணம் எப்பிடிக் கெடக்குதுன்னு நமக்குத் தெரியாதா? பதினஞ்சு வருசமா இதத்தான நடத்தறேன். எனக்கே தோணல பாரு."

"கற்பனைதான டீச்சர், விடுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில், இலக்கணப் பிழையோடு ஒரு கட்டுரையை நான் பாஸ் போட்டுவிட்டது போலிருந்தது.

அதன்பிறகு டீச்சர் ஒவ்வொரு ஆபத்தாகத் திருப்பி வைத்தார். காசு கொடுத்து வாங்குவது போல யோசித்து யோசித்து வைத்தார். முதலில் சுழற்சியை வேகமாக்கினார், புயல் வந்தது. ஆற்றுப்படுகையைக் குறுக்கினார், வெள்ளம் வந்தது, கூடவே வண்டல் வந்தது, பச்சை வந்தது. மலைக்கடியில் தட்டுகளை நகர்த்தினார். கடலுக்கடியில் வைக்க வேண்டிய பிளவை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். அக்டோபரில் ஒருநாள் காலை, பஸ் ஓடும்போதே, வாலிபாலைத் திருப்பிக் கிழக்குக் கடலில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். பஸ் குலுங்கியும் கோடு நேராக வந்தது. பிறகு பு.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலம் வருகிற வரை பேசவில்லை. டீச்சர் பேசாமல் வந்த ஒரே பயணம் அது.

மறுநாள் பார்த்தால் கடற்கரை முழுவதும் சின்னச் சின்ன முக்கோணங்கள்.

"இதெல்லாம் என்னா டீச்சர்?"

"மேடு. இது பழைய எரிமலையோட அடிக்கட்டை. அது மணல் குன்று. இது கடல் அரிச்சது போக மிச்சம் நின்ன பாறை."

"இத்தினி எதுக்கு?"

"சும்மா. பாக்க நல்லா இருக்கும்."

பார்க்க நன்றாக இருக்கும் என்பதற்காக ஜெனிட்டா டீச்சர் எதையும் செய்தவரல்ல. அவருடைய புடவைக்கும் ரவிக்கைக்கும் உள்ள உறவே அதற்குச் சாட்சி. ஆனாலும் நான் மேலே கேட்கவில்லை. மேடுகள் உள்பட எல்லாவற்றையும் படமெடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். ஜெயப்பிரகாஷுக்கு மகிழ்ச்சி. வாலிபால் விளையாட்டு அறைக்கே திரும்பிப் போனது. கண்டங்கள் ஒட்டியபடியே அதை வைத்துப் பிள்ளைகள் சர்வீஸ் போட்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு டோனி ஊருக்கு வந்தான். கேம் பாதி தயார், டேப்லெட்டில் போட்டுக் கொண்டு வந்திருந்தான். டீச்சர் வீட்டில் மதியம் பிரியாணி, எனக்கும் அழைப்பு. சாப்பிட்டு முடித்ததும் டேப்பை டீச்சர் கையில் கொடுத்தார்கள். அவர் வாழ்நாளில் ஆடிய முதல் கேம் அது. முதல் பத்து நிமிடம் அந்த மனிதனை ஓர் இடத்திலேயே சுற்றவிட்டு நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தார்.

"அக்கா, அவன நடக்க விடுக்கா."

"இரு, வடக்கு எதுன்னு பாக்கறேன்."

பிறகு நடத்தினார். கடற்கரை வந்தது. தண்ணீர் பின்வாங்கியது, மீன்கள் மணலில் துள்ளின. அழகாகத்தான் செய்திருந்தார்கள். டீச்சர் திரும்பி ஓடவிட்டார். ஓடுகிற வழியெல்லாம் மணல். அதைத் தாண்டியும் மணல். "இங்க ஒரு மேடு வெச்சனே" என்றார். இந்தப் பக்கம் ஓடினார், அந்தப் பக்கம் ஓடினார். அலை வந்து அந்த மனிதனைச் சுருட்டிக்கொண்டு போனது. மறுபடி ஆடலாமா என்று திரை கேட்டது.

டீச்சர் டேப்பை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். மிச்சமிருந்த தயிர்ப்பச்சடியை வேறு கிண்ணத்துக்கு மாற்றியபடி நான் அங்கே நின்றிருந்தேன். பின்னாலேயே டோனி வந்தான்.

"பீச் பளிச்சுன்னு தெரியணும்னு ஆர்ட்டிஸ்ட் எடுத்துட்டாங்கக்கா. அதுக்கா கோவம்?"

டீச்சர் குழாயைத் திறந்தார். "அன்னிக்கு உன்னத் தூக்கினு ஓடனேன் இல்ல."

"எப்ப?"

"சுனாமியப்ப. பெரியம்மா வீட்டுக்குப் பலகாரம் குடுக்கப் போனோம். எனக்குப் பதினெட்டு, உனக்கு எட்டு. ஓடனேன் ஓடனேன், எங்க ஓடறதுன்னு தெரியல. எங்க பாத்தாலும் ஒரே மட்டம். யாரு வூடோ, மாடிப்படி தெறந்து கெடந்துது. ஏறிட்டோம். எல்லாரும் ஏறல."

"எனக்கு அதெல்லாம் ஞாபகம் இல்லக்கா" என்றான். "மாடியில ஒரு அம்மா எனக்கு முறுக்கு குடுத்தாங்க. அதான் ஞாபகம் இருக்குது."

"ரெண்டு வாங்கித் தின்ன நீ" என்றார் டீச்சர். "எனக்கு ஒண்ணுகூடக் குடுக்கல."

இருவரும் சிரித்தார்கள். நான் பச்சடிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டோனி அங்கேயே நின்று ஜெயப்பிரகாஷுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். மேடுகளைத் திருப்பி வைத்தே ஆக வேண்டும் என்றான். காரணம் சொல்லவில்லை. ஜெயப்பிரகாஷ் மறுப்பதற்கும் நியாயம் இருந்தது.

"டோனி, மேடு வெச்சா எல்லாரும் அதுமேல ஏறி உக்காந்துக்குவாங்க. எறங்கவே மாட்டாங்க. கேம் அங்கியே முடிஞ்சுது."

டீச்சர் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு போன் பக்கம் குனிந்தார். "மேட்டுல தண்ணி கெடயாது தம்பி. சுத்திலும் உப்பு, மேல வெறும் பாறை. தாகம் எடுத்தா ஆத்துக்கு எறங்கியே ஆவணும். அல வந்தா ஏறணும், தாகம் வந்தா எறங்கணும். எவ்ளோ நேரம் உக்காருவாங்க?"

"மேடம், இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றது குரல்.

"நீங்க எங்க கேட்டீங்க? வெட்டித்தான தள்ளனீங்க."

ஹாலிலிருந்து டேனி குரல் கொடுத்தார். "மச்சான், அப்பிடியே அந்தப் பத்து நாளு பகலையும் திருப்பி வெக்கச் சொல்லு. கட சாத்தற நேரம் தள்ளிப் போவும்."

போன வருடம் மே மாதம் கேம் வெளியானது. ஊரே ஆடியது என்று சொன்னால் பொய். ஆடியவர்கள் ஆடினார்கள். முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் 'புவியியல்: ஜெனிட்டா டேனி, கடலூர்' என்று வந்தது. அதற்கு அடுத்த வரியில் என் பெயரும் வந்தது, ஒரு எழுத்து தப்பாக. மேடுகள் பற்றித்தான் புகார்கள் ஜாஸ்தி. எங்கே பார்த்தாலும் ஒரு மேடு, இந்தக் கிரகத்தைச் செய்த ஆள் பயந்தாங்கொள்ளியாக இருக்க வேண்டும் என்று ஒருவன் எழுதியிருந்தான். டோனி அதை மறைக்கப் பார்த்தான். டீச்சர் பிடுங்கிப் படித்தார். "சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்று திருப்பிக் கொடுத்தார்.

விஷயம் கோயில் வரை போனது. பூசை முடிந்து வெளியே வரும்போது பங்குத் தந்தை நிறுத்திக் கேட்டார்.

"நீ ஒரு உலகத்தையே படைச்சியாமே. எத்தினி நாள் ஆச்சும்மா?"

"ஒரு வருசம் ஆச்சு ஃபாதர்."

"ஆண்டவரு ஆறே நாள்ல முடிச்சாரு."

"அவருக்கு மேல ஜெயப்பிரகாஷ் இல்லியே ஃபாதர்."

ஃபாதர் அதை அடுத்த வாரப் பிரசங்கத்தில் சொல்லிவிடுவாரோ என்று டீச்சர் பயந்தார். சொல்லவில்லை.

போன வாரம் காய்ச்சல் மாத்திரை வாங்க நான் டேனி கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். டேனி கல்லாவுக்குப் பின்னால் தலையைக் குனிந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கேமில் கொடுக்கிற எந்த வேலையையும் அவர் செய்வதில்லை என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். ஆற்றோரம் ஒரு குடிசை போட்டு உட்கார்ந்துவிட்டாராம்.

"அண்ணே, இருமல் மருந்து" என்றார் முன்னால் நின்றவர்.

"ஒரு நிமிசம் இருங்க" என்றார் டேனி நிமிராமல். "அல வருது."

இருமல்காரர் கல்லாமேல் சாய்ந்து எட்டிப் பார்த்தார். "அந்தப் பக்கம் இல்லண்ணே, இந்தப் பக்கம். தோ, அங்க ஒரு மேடு தெரியுது பாருங்க."